மறுமொழி: வியருணரி – ‘அச்சு’ எந்த அச்சு?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

தோலில் ஒட்டிக்கொண்டு வியர்வையிலுள்ள பொருள்களை அளக்கும், அச்சிட்டுச் செய்த கருவிக்கு (printed wearable sweat sensor) தமிழ்ப் பெயர் தேடி, ‘அச்சிடப்பட்ட அணியக்கூடிய வியர்வை உணரி’ என்ற தொடரை நம் குழுவில் மூன்று நாள்களாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறோம். பொருளில் பிழை இல்லை. ஆனால் நோயாளியின் கையில் அதை ஒட்டும் செவிலியர் இவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார். ஆங்கிலப் பெயரையே சொல்லிவிட்டுப் போவார்.

குழுவிலுள்ள அம்மையார் ஒருவர் தந்த ‘ஒட்டுணரி’ எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. தோலில் ஒட்டுகிறது, உணர்கிறது; வேறென்ன வேண்டும்? நேற்று இரவு தோசை வார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். தோசைத் திருப்பி கையிலிருக்க, “ஒட்டுண்ணியா? அதை எதற்கு உடம்பில் ஒட்டுகிறார்கள்?” என்று கேட்டார். நிறுத்தி, அழுத்திச் சொன்னேன். மறுபடியும் ஒட்டுண்ணிதான் காதில் விழுந்தது. மனமில்லாமல்தான் இந்தச் சொல்லைக் கைவிடுகிறேன்.

குழுவிலுள்ள ஐயா ஒருவர் முன்வைத்த ‘வியர்வழி நோயறி கருவி’யை நான் மறுப்பதற்கு ஓசை காரணமல்ல. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட பட்டை, வியர்வையிலுள்ள சோடியம், பொட்டாசியம், லாக்டேட், குளுக்கோஸ் ஆகியவற்றையும் தோலின் வெப்பநிலையையும் ஒருசேர அளந்து கைப்பேசிக்கு அனுப்பியது. அளந்தது, அவ்வளவுதான், நோய் இன்னதென்று சொல்லவில்லை. வியர்வையில் குளுக்கோஸ் இரத்தத்தில் இருப்பதைவிட மிக மிகக் குறைவு. வியர்க்கும் வேகம் மாறினாலும், தோலில் முன்பே படிந்திருப்பது கலந்தாலும் அளவு மாறிவிடும். ‘நோயறி’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால், அதை நம்பி ஒருவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதை நிறுத்திவிடக்கூடும். அந்தப் பழி நம் சொல்லுக்கு வரக்கூடாது.

என் பரிந்துரை ‘வியருணரி’. ‘வியர்’ சங்கப் பாடல்களிலேயே பெயர்ச்சொல்லாக வருகிறது. நெற்றியில் புள்ளி புள்ளியாக அரும்பும் வியர்வைக்குப் ‘பொறிவியர்’ என்ற அழகான சொல்லும் உண்டு. ‘உணரி’ பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அணிவதைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ‘அணி வியருணரி’ எனலாம்.

இனி ‘அச்சு’. உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நாம் இதுவரை இதைத் தொடவே இல்லை.

இந்த உணரிகளில் பலவற்றை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே திரையச்சு முறையில்தான் செய்கிறார்கள். வலைத்துணி வழியாகக் கரி மையையும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மையையும் நெகிழித் தாளின்மேல் இழுத்தால் மின்முனைகள் தயார். இது ‘அச்சிடல்’, ஐயமில்லை. ஆனால் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) குழு 2025இல் வெளியிட்ட ஆய்வில் மைபீச்சு (inkjet) முறையில் அச்சிட்ட மையே வேறு வகை. அதிலுள்ள ஒவ்வொரு நுண்துகளின் நடுவிலும் நிக்கல் சேர்மம் ஒன்று; அதைச் சுற்றிப் பலபடி (பாலிமர்) ஓடு. எந்த மூலக்கூறை அளக்க வேண்டுமோ, எடுத்துக்காட்டாக வைட்டமின் சி, அதை உள்ளே வைத்தே இந்த ஓடு உருவாக்கப்படுகிறது. பிறகு அந்த மூலக்கூறைக் கரைத்து வெளியேற்றினால், அதன் வடிவிலேயே குழி மிஞ்சும். வியர்வையில் அதே மூலக்கூறு வந்து குழியை அடைத்தால் நடுப்பகுதிக்குத் திரவம் எட்டாது, மின் சமிக்ஞை குறையும். அந்தக் குறைவுதான் அளவு.

இந்தக் குழியையும் ‘அச்சு’ என்று சொல்லத் தமிழ் இடம் தருகிறது. அச்சு வெல்லத்தின் அச்சு அதுதானே. ஆனால் அப்படிச் செய்தால் ‘அச்சிட்ட மூலக்கூற்று அச்சுப் பலபடி’ என்று எழுத நேரும். எந்த அச்சு எது என்று படிப்பவர் திணறுவார். ஆகவே ‘அச்சு’ மையோடு நிற்கட்டும். குழிக்குத் ‘தடம்’ என்று வைப்போம். கால் போன பிறகும் ஈர மண்ணில் தங்குவது தடம். மூலக்கூறு போன பிறகு தங்குவதும் அதுவே. ‘மூலக்கூற்றுத் தடப் பலபடி’, சுருக்கமாகத் ‘தடப்பலபடி’.

‘வார்ப்பு’ என்று வைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். மெழுகை உருக்கி வெளியேற்றிச் சிலை வார்ப்பதற்கும் இதற்கும் ஒற்றுமை உண்டுதான். ஆனால் அங்கே குழியில் வார்த்த சிலைதான் பொருள். இங்கே குழியே பொருள். அதனால் தடத்தின் பக்கமே நிற்கிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பாடநூல் வழக்கில் பலபடி ‘பல்பகுதியம்’ அல்லவா? ‘தடப் பல்பகுதியம்’ என்று சேர்த்துச் சொன்னால் வாய்க்கு இயல்பாக வருகிறதா? உரக்கச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.