மைனஸ் ஏ போட மறந்த நாள்

எங்கள் அச்சகத்தில் ஒரு பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, அதையே சர்வராக ஓட்டிக்கொண்டிருந்தேன். டிசைன் பண்ணும் பையன்கள் எல்லோரும் ஒரே ஃபோல்டரில் வேலை செய்ய வேண்டும். ‘டிசைன்’ என்று குரூப் உண்டாக்கி அவர்களைச் சேர்த்துவிட்டு, கடைசியில் என்னையும் சேர்க்க பயனரின் குரூப்களை மாற்றும் ‘யூசர்மாட் மைனஸ் பெரிய ஜி’ கட்டளையை அடித்து என்டர் தட்டினேன். கூடவே சின்ன ஏ போடவில்லை. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

மறுநாள் காலை லாகின் செய்து, நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோவைக் கொடுத்தால், உனக்கு அனுமதி இல்லை, நிர்வாகியிடம் புகார் போகும் என்கிறது. அந்த நிர்வாகியே நான்தானய்யா!

ஏ போட்டால் இருக்கிற குரூப்களோடு இதையும் சேர்க்கும். போடாவிட்டால் முதன்மை குரூப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிடும். சூடோவுக்கு அனுமதி தரும் சூடோ குரூப்பும் அதோடு போச்சு. நிறுவும்போது ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் வைக்காததால் ரெக்கவரி மோடும் கைவிரித்துவிட்டது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் திரையில் ஈ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் முதலில் ஓடும் இனிட் நிரலுக்குப் பதில் பாஷ் என்ற ஷெல்லை (கட்டளை அடிக்கும் நிரலை) கொடுத்து உள்ளே போய், டிஸ்க்கில் எழுத முடியும்படி ரீமவுண்ட் செய்து, என்னை நானே திரும்பச் சேர்த்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ஜிபாஸ்வேர்ட் மைனஸ் ஏ மட்டும்தான். அது சேர்க்கும், எதையும் பிடுங்காது.

*

எனக்கு நேர்மாறு அண்ணே. ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டுக்காக, சீரியல் போர்ட்டுக்கு அனுமதி தரும் டயல்அவுட் குரூப்பில் சரியாகத்தான் சேர்த்தேன், அப்படியும் பர்மிஷன் டினைட். ரெண்டு மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிச் செருகினேன். எந்தெந்த குரூப்பில் இருக்கிறோம் என்று காட்டும் ஐடி கட்டளையை அடித்து யூசர் பெயரையும் கொடுத்தால் டயல்அவுட் தெரிகிறது, வெறும் ஐடி அடித்தால் காணோம். ஏற்கெனவே ஓடுகிற ஷெல்லுக்குப் புது குரூப் தெரியாதாம். லாக்அவுட் செய்து வந்தேன், முடிந்தது.

*

முதலில் எழுதியவர் ஃபோல்டரைப் பற்றிச் சொல்லவே இல்லையே. உரிமைகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 2775 போட்டீர்களா? முன்னால் நிற்கும் 2தான் செட்ஜிஐடி. உள்ளே உருவாகும் கோப்பெல்லாம் ஃபோல்டரின் குரூப்பையே எடுத்துக்கொள்ளும். புதுக் கோப்பில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் 022 ஆக இருந்தால் குரூப்புக்கு எழுதும் உரிமை வராது, அதை 002 ஆக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் எங்கள் ஆபீஸில் ஒருவருடைய கோப்பை மட்டும் மற்றவர்களால் திருத்த முடியவில்லை. அவர் டவுன்லோட்ஸிலிருந்து எம்வி செய்து, அதாவது நகர்த்தி, கொண்டுவருவார். எம்வியில் கோப்பு பழைய குரூப்போடேயே வந்து உட்காரும், சிபி செய்து நகலெடுத்தால்தான் ஃபோல்டரின் குரூப் ஒட்டும். எனக்கு முன்னால் இருந்தவர் இதற்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று மொத்தமாக 777 போட்டு வைத்திருந்தார். ஏன் சார் என்றால், “வேலை செய்யுதுல்ல?”

*

முதலில் எழுதியவன்தான். இப்போதுதான் உரிமைகளைக் காட்டும் எல்எஸ் போட்டு ஃபோல்டரைப் பார்த்தேன், குரூப்பின் எக்ஸ் இருக்கும் இடத்தில் செட்ஜிஐடியைக் குறிக்கும் எஸ் இல்லை. போட்டுவிட்டேன். ‘டிசைன்’ குரூப்பில் சேராத கோப்புகளை ஃபைண்ட் வைத்துத் தேடினால், பாதிக்கு மேல் என் பெயரில் இருக்கிறது. பையன்களைத்தான் இவ்வளவு நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.