வெளிநாட்டிலிருந்து என்ஆர்இ கணக்கின் கேஒய்சி புதுப்பிப்பு: உதவி தேவை

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பியின் என்ஆர்இ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் அங்கு ஈட்டும் பணத்துக்கான வங்கிக் கணக்கு), ஆந்திராவில் எங்கள் ஊரான நகரியில் உள்ள கிளையில் இருக்கிறது. கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்கள்) புதுப்பிக்கவில்லை என்று ஜூன் மாதம் முதல் அதில் பரிவர்த்தனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கடன் தவணையும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

வங்கியின் ஆண்ட்ராய்டு செயலியில் காணொளி கேஒய்சிக்கு முயன்றால், இருப்பிட அனுமதி கொடுத்தவுடன் அழைப்பு தொடங்காமலே திரை மூடிக்கொள்கிறது. ரிசர்வ் வங்கி 2020இல் அனுமதித்த இந்த முறையில் வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருப்பதை இருப்பிடக் குறியீட்டால் உறுதி செய்ய வேண்டும் என்பதால், செயலியை அழித்து மீண்டும் நிறுவியும் பயனில்லை. சிங்கப்பூரில் உள்ள வங்கியிலோ அந்நாட்டு அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக உட்கார்ந்த இடத்திலேயே விவரங்களைப் புதுப்பித்துவிட்டான். சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பேநவுக்கும் நம் யுபிஐக்குமான இணைப்பு 2023இலேயே வந்து பணம் நொடியில் கடல் கடக்கிறது; ஆளை அடையாளம் காணும் விதிதான் எல்லையிலேயே நிற்கிறது.

கிளையில் நான் நேரில் கேட்டபோது, தம்பியே வர வேண்டும் என்றார்கள். ஆனால் வெளிநாடுவாழ் இந்தியரின் ஆவண நகல்களுக்கு அந்நாட்டு நோட்டரி, இந்தியத் தூதரகம், இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி ஆகியோர் சான்றொப்பமிடலாம் என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலே கூறுகிறது. அதை அச்செடுத்துக் காட்டியும், தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியும் தெளிவான பதில் இல்லை. அவனுக்குப் பொங்கல் வரை விடுப்பும் கிடையாது.

இப்படிச் சான்றொப்பமிட்ட நகல்களை அஞ்சலில் அனுப்பிக் கேஒய்சியைப் புதுப்பித்தவர்கள் இருந்தால், இம்மூவரில் யாருடைய சான்றொப்பத்தை உங்கள் கிளை ஏற்றுக்கொண்டது?