பிரான்ஸில் கார் வராத சரளைப் பாதை எது?

நாகமலை சைக்கிள்:
செப்டம்பரில் துலூஸ் போகிறேன், அக்கா வீட்டில் தங்கல். கார், லாரி தொந்தரவே இல்லாத மண், சரளைப் பாதையில் சில நாள் ஓட்ட ஆசை. இங்கே கண்மாய்க் கரையிலேயே ஓட்டிப் பழக்கம். 35 மில்லிமீட்டர் டயர் போதுமா?

கரையோரம்:
துலூஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், கனால் து மிடி கரைதான். 1681இல் திறந்த கால்வாய், கடற்கரையில் செட் ஊர் வரை 240 கிலோமீட்டர். குதிரைகள் படகை இழுத்துப்போன கரைதான் இப்போது பாதை. போர் லோரகே வரை சுமார் 50 கிலோமீட்டர் நல்ல தார். அப்புறம்தான் நீங்கள் கேட்ட சரளை, ஒற்றையடி மண் தடம், நடுவில் புடைத்து நிற்கும் பிளேன் மர வேர்கள். 35 ஓடும், ஆனால் வேர் மேல் ஏறி இறங்கி மணிக்கட்டு வலிக்கும், 40 போடுங்கள். மரங்கள் பூஞ்சை நோயால் ஏராளமாக வெட்டப்பட்டதால் சில இடங்களில் நிழலே கிடையாது.

மேலூர் மிதிவண்டி:
தண்ணீருக்கு ஒரு வழி: கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். 'நோன் போத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமத்தில் கடை திறந்திருக்காது, சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது டெர் என்ற வட்டார ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், டெஜெவே என்ற அதிவேக ரயில் என்றால் முன்பதிவு வேண்டும். கிளம்புமுன் பேரணையிலிருந்து பெரியார் கால்வாய்க் கரையில் சுமையோடு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

நாகமலை சைக்கிள்:
சரி, 40 வாங்கிவிடுகிறேன். கால்வாய் வழியில் உள்ள கர்காசோன் ஊர் வரை போய் ரயிலில் திரும்புவதாகத் திட்டம். ரொம்ப நன்றி!