நேபாள மலைப் பயணத்தில் இன்றும் உங்கள் மனத்தை உறுத்தும் நிகழ்வு எது?

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போகும் வழி இங்குள்ள பலருக்கும் தெரியும் என்பதால் நேரே தேவ்ராலிக்கு வருகிறேன். நாங்கள் பதினோரு பேர். 3,200 மீட்டரில் இருக்கும் தேவ்ராலியிலிருந்து காலையில் கிளம்பி, மச்சபுச்சரே முகாமில் தேநீர் குடித்துவிட்டு, மாலைக்குள் 4,130 மீட்டரில் உள்ள அடிவார முகாமை அடைந்துவிடுவதாகத் திட்டம். என் தங்கையின் கணவர் முந்தின இரவே சாப்பிடாமல் படுத்துவிட்டார். பருப்பும் சோறும் அலுத்துவிட்டது என்று அவர் சொன்னதை நாங்களும் நம்பிவிட்டோம். எங்கள் ஊர் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரில் சங்கிலி ஏணி ஏறி, 3,282 மீட்டர் உயரமுள்ள மோன்ட்-ஓ-சூர்ஸ் உச்சியைத் தொட்டு அன்றே இறங்கி வந்தவர் அவர். எங்களுள் வலுவானவர் அவர்தான் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

மச்சபுச்சரே முகாமில் அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, காலணிக் கயிற்றைக் கட்டுவதற்காகப் படியில் உட்கார்ந்தார். ஒரு முனையை மற்றதன்மேல் போட்டு இழுத்தார், அவிழ்ந்துவிட்டது. மறுபடியும் போட்டார். நான்காவது முறை, கயிற்றைக் கையில் பிடித்தபடி, இது எதற்கு என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். சுமை தூக்கி வந்த தம்பி அவரை எழுப்பி நிறுத்தி, தடியால் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்களோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவர் என் தோளில் சரிந்தார். தம்பி வேறெதுவும் பேசாமல் அவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். நானோ கூட்டத்தோடு மேலே போனேன்.

லெனேசியா, ஜோகானஸ்பர்க்

ஐயா, நீங்கள் வருந்த வேண்டியதில்லை. கடலோரத்திலிருந்து இவ்வளவு உயரத்துக்கு வருகிறவர்களுக்கு இது நேர்வதுதான். 1,750 மீட்டரில் வாழும் எங்கள் குழுவில் ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை.

எங்களுக்கு ஆபத்து வந்தது திரிசூலி ஆற்றில்தான். காத்மாண்டு–போக்கரா நெடுஞ்சாலையை ஒட்டியே அந்த ஆறு ஓடுவதாலோ என்னவோ, எங்களுக்குப் பயமே தோன்றவில்லை. ஓர் அலையில் எங்கள் ரப்பர் படகின் மூக்கு மேலே எழும்பியது; அடுத்த நொடி நான் படகுக்கு அடியில் இருந்தேன். தலைக்கு மேலே ரப்பர், சுற்றிலும் பச்சை இருட்டு. அடியில் மாட்டிக்கொண்டால் இரு கைகளையும் மாற்றி மாற்றி வைத்து ஒரே திசையில் நகருங்கள் என்று வழிகாட்டி கரையில் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்ததால் பிழைத்தேன். அடியில் தன் கையைத் தட்டிவிட்டு நான் மேலே வந்ததாக என் மனைவி சொல்கிறாள். எனக்கு அப்படியொன்றும் நினைவில்லை. அவள் பொய் சொல்கிறவளும் அல்ல.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், செவிலியர்

லெனேசியா அண்ணா, ஆற்றில் நடந்ததற்காக உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மலையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நம்பி யாரும் ஏறிவிடக் கூடாது. கோரேபானியில், 2,900 மீட்டரைக்கூட எட்டாத இடத்தில், ஜோகானஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரு பெண் இரவெல்லாம் வாந்தியெடுத்ததை, அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த நான் அறிவேன். 1,750 மீட்டரில் வாழ்வது சிறிதளவு உதவலாமே தவிர, 4,000 மீட்டருக்கு அது காப்பாகாது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே, ஆக்சிஜன் குறைவால் உண்டாகும் உயர நோய் வரக்கூடும். உடல் வலுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கணக்கில் கொள்ள வேண்டியது நாம் தூங்கும் உயரம். மோன்ட்-ஓ-சூர்ஸ் ஏறியவர் அன்றே இறங்கிவிட்டதால், அந்தப் பயிற்சியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும். சாட்ஸ்வர்த் ஐயாவின் குழு ஒரே நாளில் 930 மீட்டர் ஏறத் திட்டமிட்டதே முதல் தவறு. தலைவலி வந்து, பசியும் இல்லாமல் போய்விட்டால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது உயர நோய்தான். அதற்குமேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கக்கூடும் என்பதால், நள்ளிரவானாலும் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சுமை தூக்கும் தம்பி செய்ததே சரியான மருத்துவம்.

சாட்ஸ்வர்த், டர்பன்

அம்மா, நீங்கள் எழுதியது எல்லாம் சரி. 2,310 மீட்டரில் உள்ள பேம்புவுக்கு இறங்கிச் சேர்வதற்குள் அவருக்குத் தெளிவு வந்துவிட்டதாம். அன்றிரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாகத் தம்பி சொன்னார். மறுநாள் நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மேலே என்ன பார்த்தீர்கள் என்பதுதான்.

அன்று விடியற்காலையில் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணாவின் முகட்டில் முதல் வெயில் பட்டு, பொன்னிறம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தேன். அவரிடம், எல்லாம் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, நான் எதையும் தவறவிடவில்லை என்று சிரித்தார். அந்தப் படங்களை அவர் இன்றுவரை பார்த்ததில்லை.