மாத்திரை வீடு தேடி வருகிறது, கைக்குழந்தையைத் தேடி யார் வருகிறார்கள்?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. என் அப்பாவுக்கு பிபி, சுகர் மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்கா ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளம்புவார்.

எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறார். பத்தொன்பது வயது, பத்து மாதக் குழந்தை. கணவருக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதம் ஒருமுறை வருவார். இவரும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதால் பகலில் குழந்தையைப் பார்ப்பது பாட்டிதான். தடுப்பூசி போட்டாச்சு, அட்டையில் எடை எழுதியாச்சு. ஆனால் பிள்ளை இன்னும் தானாக உட்காரவில்லை. "அவங்க அப்பனும் லேட்டாத்தான் உட்கார்ந்தான்" என்கிறார் பாட்டி. இதை யாரிடம் கேட்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஓர் ஆய்வுக்கு எடுத்தார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என இரண்டு வருடம் போனார்கள். அம்மாவுக்குப் புத்திமதி சொல்வதற்காகப் போகவில்லை. குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று கூடவே உட்கார்ந்து காட்டினார்கள். இருபது வருடம் கழித்து, அந்தப் பிள்ளைகளின் சம்பளம் இந்தப் பயிற்சி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிரமப்படும் குடும்பங்களுக்காவது இப்படி ஓர் ஏற்பாட்டை நாம் கேட்க வேண்டாமா? கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரே ஆள் வர வேண்டும்.

அரூர் பஸ்

அண்ணா, மனசு புரிகிறது. ஆனால் இப்படி ஒரு திட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்று யோசித்தீர்களா? என் அண்ணி கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கர்ப்பிணிகளைப் பிக்மி என்ற அரசு இணையப் பதிவில் சேர்ப்பது, புதன்கிழமை தடுப்பூசி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில், எல்லாம் அவர்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் என்ட்ரி போட்டுக்கொண்டிருப்பார்.

விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில். அந்த ஒன்பதாம் மாத வருகை ஒழுங்காக நடந்திருந்தால் உங்கள் தெருக் குழந்தையை அன்றைக்கே கவனித்திருப்பார்கள். ஆள் போடாமல் புதுத் திட்டம் போட்டால் நோட்டில் டிக் மட்டும்தான் கூடும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் 1,645 இளம் தாய்மார்களை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் வீட்டுக்குப் போனார்கள். தாயின் புகைப்பழக்கம், குழந்தையின் பிறப்பு எடை, அடுத்த கர்ப்பம் சீக்கிரம் வருவது, குழந்தை அவசரமாக ஆஸ்பத்திரிக்கு வருவது, இந்த நான்கிலும் வித்தியாசமே இல்லை. அவ்வளவு பணத்தைக் கொட்டியும்.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

அங்கே ஒப்பிட்டது யாரோடு என்று பாருங்கள். அந்த நாட்டில் எல்லாத் தாய்மாருக்கும் ஏற்கெனவே செவிலியர் வருகை உண்டு. அதற்கு மேல் கூட்டியதால் பலன் தெரியவில்லை. நம் நாட்டு உதாரணம் மகாராஷ்டிராவின் கட்சிரோலி. அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது, 1999இல் அதே லான்செட்டில் வந்த செய்திதான்.

உங்கள் அண்ணியைப் போகச் சொல்லவில்லை, தம்பி. ஜமைக்காவில் போனவர்களும் செவிலியர் இல்லை. அப்பாவுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா மகளிர் குழுவிலிருந்து வந்தவர்தான். அதே மாதிரி ஊருக்கு ஒருவர், 20 வீடு, அதற்கு மேல் கொடுக்கக் கூடாது.

தொப்பூர் மேடு

நான் இதை எதிர்க்கிறேன், காரணம் வேறு.

"சிரமப்படும் குடும்பம்" என்று பட்டியல் போட்டால் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் முதலில் வருவது சின்ன வயதில் கல்யாணம் ஆன பெண்கள். பதினாறு வயதில் கர்ப்பமான பெண்ணைப் பற்றித் தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றம். வீட்டுக்கு வருபவர் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் கணவன் ஜெயிலுக்குப் போவான். அதனால் இந்தப் பெண்கள் பதிவு செய்ய வரும்போதே வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், இல்லையென்றால் ஏழாம் மாதம் வரை வருவதே இல்லை. என் சொந்தக்காரர் வீட்டிலேயே நடந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் தெருமுனையில் தெரிந்ததும் மருமகளைப் பின்பக்கமாகச் சோளக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாத வயிற்றோடு.

வாராவாரம் ஆள் வந்தால் அந்தப் பெண் இன்னும் தூரமாகத்தான் ஓடுவாள். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத்தான் இது விரட்டும்.

மூன்றாவது பெண்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நான் பென்னாகரம் பக்கம் 90களில் பிறந்தவள். வீட்டில் மூன்றாவது பெண். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மூன்றாவது பெண் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெண் குழந்தையைக் கொன்றுவிடாமல் அரசுத் தொட்டிலில் விடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992இல் வந்தாலும், தர்மபுரிக்கு 2001இல்தான் வந்தது. அந்த வருடக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் 826. 2011இல் 913.

நான் பிறந்த பிறகு நர்சம்மா வாரம் தவறாமல் வந்தாராம். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான். என் பாட்டி கடைசி வரைக்கும் அவரைத் திட்டினார். ஊரில் "அந்த வீட்டைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க" என்று பேச்சு. அம்மாவுக்கு அது அவமானம்தான். ஆனால் அவர் வந்தபோதுதான் யாராவது "நீ சாப்பிட்டியா" என்று கேட்டார்கள் என்றும் அம்மா சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

தொப்பூர் அண்ணா, நீங்கள் சொல்லும் பயம் உண்மை. ஆனால் வராமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தொப்பூர் மேடு

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் காவல் காக்க வருபவரும் குழந்தையோடு விளையாட வருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதில் நான் மாற மாட்டேன்.

மூன்றாவது பெண்

எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரே ஆள்தான். ஒரு வருடம் ஆனபிறகு அவர் பார்க்க வந்தது என்னை இல்லை, அம்மாவை.

பெட்டமுகிலாளம் அடிவாரம்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இங்கே பாதி வீட்டில் கன்னடம், தெலுங்கு. தமிழில் மட்டும் பேசும் ஒருவர் வந்து "பிள்ளையோடு பேசுங்கள்" என்று எந்த மொழியில் சொல்வார்? இருளர் குடியிருப்புகளில் வெளியாள் என்றாலே கதவு சாத்திவிடும். அந்தந்த ஊர்ப் பெண்ணையே போட்டு, மாதச் சம்பளமாகக் கொடுத்தால்தான் நிலைக்கும். வருகைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தால் பக்கத்து வீடுகளுக்குப் போவார்கள், மேட்டு வீடுகளுக்குப் போக மாட்டார்கள். நடந்து போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நேரமும் முக்கியம். பகலில் வந்தால் தாய் வீட்டில் இருக்க மாட்டார். சாயங்காலம் ஆறுக்கு மேல் அல்லது ஞாயிறு.

அரூர் பஸ்

ஊர்ப் பெண், தனிச் சம்பளம், 20 வீடு என்றால் நான் எதிர்க்கவில்லை. போனில் என்ட்ரி போடச் சொன்னால் மறுபடி எதிர்ப்பேன். எழுதத்தான் வந்தார் என்று தெரிந்துவிட்டால் தாய் எதையும் சொல்ல மாட்டார், அண்ணி அடிக்கடி சொல்வது இது.

மாந்தோப்பு அண்ணா, இதெல்லாம் எப்போது வருமோ. அந்தப் பத்து மாதக் குழந்தையை இந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். குழந்தைகள் பிரிவில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்கான மையம் அது. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். பாட்டியையும் கூட்டிப் போங்கள். அங்கே சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைப் பகலில் செய்யப் போவது அவர்தான்.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

பேசிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு வியாழக்கிழமை லீவு கிடைத்திருக்கிறது. பாட்டி முதலில் வர மாட்டேன் என்றார், இப்போது பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.