வரலாற்று ஆசிரியையாக இருந்த அம்மாவுக்கு நினைவு நூல்: எங்கிருந்து தொடங்குவது?

நூல்கண்டு (கேள்வி)

வணக்கம். அண்மையில் காலமான அம்மா வரலாற்று ஆசிரியை. பாடக்குறிப்பேடுகள், சார்ட் தாளில் கையால் வரைந்த வரைபடங்கள், ஓரமெல்லாம் எழுதிய பாடப்புத்தகங்கள், மாணவர்களின் கடிதங்கள், பசை ஆல்பத்தில் ஒட்டிய படங்கள், வகுப்பில் பேசிய சில கேசட்டுகள் ஆகியவை இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தேதி இல்லை. நூறு பக்கத்தில் ஒரு நூல் போட எண்ணம். "அன்பானவர், அர்ப்பணிப்பு மிக்கவர்" என்றே எல்லாரும் எழுதித் தருகிறார்கள். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ஆசிரியையும் அம்மாவும் ஒரே நூலில் எப்படி வருவார்கள்? இந்தக் காகிதங்களை எப்படிக் கையாள்வது?

பழந்தாள்

ஆழ்ந்த இரங்கல். ஒழுங்குபடுத்துகிறேன் என்று முதல் நாளே கட்டுகளைப் பிரித்துவிடாதீர்கள். எந்தக் குறிப்பேட்டுக்குள் எது செருகியிருந்தது என்பதே ஒரு தகவல். பிள்ளையின் காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிய சீட்டு பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்துக்கு நடுவில் இருந்தால், நீங்கள் தேடும் இருவரும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறார்கள். கட்டுக்கு ஓர் எண் கொடுத்து, இருந்தபடியே போனில் படமெடுத்துவிட்டுப் பிரியுங்கள்.

எண்ணை 2பி பென்சிலால் பின்பக்க மூலையில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழ வைக்கும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்கக் கூடாது: பின்பக்கம் கால்களை நிமிர்த்தி, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தூக்குங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லாமினேஷன் அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது.

பசை ஆல்பத்தில் படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்குக்கான மெழுகில்லாத ஃப்ளாஸ் நூலை ஒரு மூலையில் நுழைத்து, அறுப்பது போல மெல்ல நகர்த்துங்கள். அசையவில்லையா, விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்ய எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் இத்தனை புள்ளி என்ற கணக்கு), புகைப்படத்துக்கு 600. எல்லாம் கலரில்தான், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஓரத்துப் பென்சில் குறிப்பு காணாமல் போகும். டிஃப் கோப்பாக (தரம் குறையாமல் சேமிக்கும் பட வகை) 300 டிபிஐயில் ஓர் ஏ4 பக்கம் சுமார் 26 எம்பி வரும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில்.

எல்லைக்கோடு

தேதி இல்லை என்று சோர வேண்டாம். உலக அரசியல் வரைபடம் தன் காலத்தைத் தானே சொல்லும். ஜெர்மனி ஒரே நாடாக இருந்தால் 1990 அக்டோபர் 3க்குப் பிந்தையது. செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் தனித்தனியாக இருந்தால் 1993 அல்லது அதற்குப் பின். தென் சூடான் இருந்தால் 2011 ஜூலைக்குப் பின். ஆனால் தலைப்பைப் பாருங்கள்: முதல் உலகப் போர்ப் பாடத்துக்கு வரைந்ததில் ஒரே ஜெர்மனி இருக்கத்தான் செய்யும். தலைகீழாகவும் வாதிட முடியாது. சோவியத் யூனியன் இருக்கிறது என்பதால் 1991க்கு முந்தையது என்றாகிவிடாது. பழைய அட்லஸைப் பார்த்து வரைந்திருக்கலாம். பாடப்புத்தகக் குறிப்பும் அப்படியே: பதிப்பாண்டுக்கு முன் எழுதியிருக்க முடியாது, எவ்வளவு பின் என்று அது சொல்லாது.

குறிப்பேட்டில் மையைப் பாருங்கள். ஒரே பாடத்தைப் பல ஆண்டு நடத்துபவர் பழைய பக்கத்திலேயே திருத்துவார். நீல மையில் "1789 ஜூலை 14, பாஸ்டில் வீழ்ச்சி" என்றிருக்கும். கீழே வேறு மையில் "உள்ளே இருந்த கைதிகள்: 7". ஓரத்தில் பென்சிலில் "பிறகு ஏன் தாக்கினார்கள்? வெடிமருந்து!" தகவல் சொல்லிக்கொடுத்தவர் கேள்வி கேட்க வைப்பவராக மாறியது அங்கே தெரியும். அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் முழு அளவில் அச்சிடுங்கள். அர்ப்பணிப்பு என்று தனியாக எழுத வேண்டியிருக்காது.

ஒலிநாடா

கேசட்டை ஓட்டும் முன் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டன் அழுந்தினாலும் குரல் அழியாது. பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். குரல் மங்கலாகக் கேட்டால் நாடா போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னத் திண்டு உதிர்ந்திருக்கலாம். வேறு கேசட் கூட்டுக்கு மாற்றினால் தெளியும். கணினியில் பதிவு செய்யும்போது வைக்க வேண்டிய அமைப்பு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு (ஒலியைச் சுருக்காமல் சேமிப்பது); ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி. இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

புகழுரை வருவதற்குக் காரணம் கேள்விதான். "டீச்சரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் வேறென்ன வரும்? கரும்பலகையில் முதலில் என்ன எழுதுவார், பதில் தெரியாமல் நின்றால் என்ன செய்வார், விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மையில் என்ன எழுதுவார் என்று கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம்: திருத்த வேண்டிய கட்டு எங்கே இருக்கும், தேர்வுக் காலத்தில் யார் சமைப்பார்கள், உங்கள் பள்ளியிலேயே அவர் இருந்தால் அங்கே என்ன சொல்லி அழைத்தீர்கள்? கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். இரண்டாவது மூச்சில் வருவதுதான் பெரும்பாலும் பயன்படும்.

நூல்கண்டு

மிக்க நன்றி. ஒரே சுற்றுலாவுக்கு இரண்டு மாணவர்கள் இரண்டு ஆண்டு சொல்கிறார்கள். எதை எடுப்பது?

எல்லைக்கோடு

ஆண்டைக் கேட்காமல், அப்போது எந்த வகுப்பு என்று கேளுங்கள். அது நினைவில் நிற்கும். பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணலாம். கல்வியாண்டு இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் கிடப்பதால் ஓர் ஆண்டு வித்தியாசம் பல நேரம் முரணே அல்ல. பணிப்பதிவேடு இருந்தால் மாறுதல் தேதிகளோடு ஒப்பிடுங்கள். அப்போதும் தீராவிட்டால் இரண்டையும் சொன்னவர் பெயரோடு போடுங்கள். ஆதாரம் கேட்டே பாடம் நடத்தியவரின் நூலில் ஊகத்தை உண்மையாக எழுதக் கூடாது.

அச்சுமை

நூறு வேண்டாம், 96 பக்கம் வையுங்கள்: 16 பக்க ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) ஆறு, தாள் வீணாகாது. படம் அச்சாகும் அளவில் 300 டிபிஐ வேண்டும். 600இல் ஸ்கேன் செய்த 4×6 அங்குலப் படத்தை இருமடங்கு பெரிதாக்கலாம், அதற்கு மேல் உடையும்.

பள்ளி வாழ்க்கை ஒரு பகுதி, குடும்பம் ஒரு பகுதி என்று பிரிக்காதீர்கள். தொடக்கத்தில் மூன்று நெடுவரிசை அட்டவணை: ஆண்டு, பள்ளி, வீடு. குழந்தை பிறந்ததும் பணி மாறுதலும் ஒரே வரியில் வந்தால் அந்த ஆண்டின் பாரம் விளங்கும்.

மாணவர் கடிதத்தின் உரிமை எழுதியவருடையது, கேட்டுவிட்டே அச்சிடுங்கள். விடைத்தாள் படத்தில் பெயரையும் மதிப்பெண்ணையும் மறையுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகளை யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினியிலும் இயங்கும் எழுத்துக் குறியீடு) மாற்றினால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கலாம், ஒவ்வொரு பக்கமும் கண்ணால் பார்த்தாக வேண்டும். கடைசி மெய்ப்பில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி) பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் தனியாக எடுத்து, ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் மூலத்தோடு சரிபார்க்கட்டும்.