லயத்து அறையில் 100 வாட் டியூப் அம்ப்: லோட் பொக்ஸ் போதுமா?

கேள்வி (ஹட்டன்): சுவருக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை, சத்தமா வாசிக்க முடியாது. கிட்டார் அம்ப் 100 வாட், இப்ப 16 ஓம் ஸ்பீக்கர். அதைக் கழற்றிட்டு 8 ஓம், 100 வாட் லோட் பொக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலா மாட்டுற சத்தமில்லாத பெட்டி) கொடுக்கலாமா அண்ணே?

பதில் 1: அம்ப் பின்பக்க ஓம் செலக்டரை 8க்கு மாத்திட்டுக் கொடுங்க தம்பி. ஆனா பொக்ஸுக்கு 100 வாட் பத்தாது. முழுசாத் திருகினா அம்ப் அதைத் தாண்டிப் போகும், 150ஆவது தாங்கணும். அம்பையும் பொக்ஸையும் இணைக்க கிட்டார் கேபிள் வேண்டவே வேண்டாம். உள்கம்பி மெல்லிசு. வாசிக்கும்போது அறுந்தா லோட் இல்லாம அம்புக்குள்ள இருக்கிற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர்ல வோல்டேஜ் எகிறி, சுருள் கருகிடும். ஸ்பீக்கர் கேபிள்தான்.

பதில் 2: மாட்டுறது கழற்றுறது எல்லாம் அம்பை அணைச்சிட்டு. பொக்ஸ் மேல கம்பளி போட்டுடாதீங்க, அத்தனை வாட்டும் அங்க சூடாத்தான் மாறுது. பொக்ஸோட லைன் அவுட்டை (சிக்னல் வெளிய வர்ற இடம்) நேரா ஹெட்ஃபோனுக்கு விட்டா குளவி மாதிரி இரையும். கெப் சிமுலேட்டர் (ஸ்பீக்கர் பெட்டியோட தொனியைப் போலச் செய்யுறது) நடுவுல வேணும்.